குண்டு விழுந்த தூரம்

கல்யாண மண்டபம்.
நேற்றைய மணமக்களின் பெயர்
இன்னும் தெர்மாகோலில், மேடைக்குப் பின்னால்.
அதன் மேல் பேனர்: மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.
இடம் போதாமல் 'கூட்டம்' மட்டும் மடிந்து தொங்கியது.

எனக்கு அன்றைக்கு எழுநூறு ரூபாய்.
முதுநகர் தட்டச்சு நிலையத்திலிருந்து
லேப்டாப்போடு கூட்டி வந்தார்கள்.
எழுந்து பேசுபவர் பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா.
நான்காவதாக ஒரு கட்டம், தலைப்பில்லாமல்.

அதிகாரி திரையில் வரைபடம் காட்டினார்.
ஆலை ஒரு சிவப்புப் புள்ளி.
சுற்றிலும் பத்து கிலோமீட்டர் வட்டம்.
உள்ளே உப்பனாறு நெளிந்து கிடந்தது.
வட்டத்தில் பாதி வெறும் நீலம்.
"ஆய்வுப் பகுதி" என்றார்.

முதலில் எழுந்தவர் பாவாடை, ஓய்வுபெற்ற நடத்துநர்.
மைக் வேண்டாமென்று கையசைத்தார்.
"தேவனாம்பட்டினம் கோட்டையை வெள்ளைக்காரன் வாங்கினப்ப
பீரங்கிக்கு நெருப்பு வெச்சான்.
குண்டு விழுந்த தூரம் வரைக்கும் அவன் ஊரு.
குண்டு கிராமம்னே பேரு வந்துச்சு.
நீங்க காம்பஸ் வெச்சிருக்கீங்க.
சத்தம் கேக்கல, அவ்ளோதான்."
கைதட்டலில் டீ கிளாஸ் ஒன்று உருண்டது.
எதிர்ப்பு.

புதுச்சேரியிலிருந்து வந்த பேராசிரியர் அருளப்பா
பன்னிரண்டு நிமிடம் பேசினார்.
யாருடைய வளர்ச்சி, யாருடைய செலவில்,
கொடி மாறியது, கணக்குப் புத்தகம் மாறவில்லை என்றார்.
எல்லாமே சரியாகத்தான் இருந்தது.
என் விரல்கள் அவருக்குப் பின்னால் ஓடின.

பின்வரிசையிலிருந்து இளவழகன், கெமிக்கல் டிப்ளமா:
"ஒரகடத்துல ஒரு ரூமுக்குப் பன்னெண்டு பேரு சார்.
ஷிஃப்ட் முறைல தூங்கறோம்.
உங்களுக்குச் சம்பளம் யார் தர்றாங்க?"
"அரசாங்கம்."
"எனக்கும் அது கெடச்சா நானும் எதிர்ப்பேன்."
சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.
ஆதரவு என்று அடித்தேன். அடிக்கும்போதே
அது ஆதரவுதானா என்று தோன்றியது.

சோனாங்குப்பம் அஞ்சாப்புலி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.
"அந்த நீலத்துல ஏன் ஒண்ணும் எழுதல?"
"அது கடல்."
"அதான் கேக்கறேன்."

நாலரை மணி. ஐந்துக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும்,
மாலை வரவேற்பு.
நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்ட
பையன்கள் வாசலில் நின்றார்கள்.
அப்போது எழுந்தாள் அஞ்சலாட்சி.

"எங்க ஊரு வட்டத்துக்கு வெளிய, எரநூறு அடி தள்ளி.
காத்து கோடு பாத்தா வருது?
ராத்திரி ரெண்டு மணிக்கு அழுகின முட்டைகோசு நாத்தம்.
புள்ளைங்க எழுந்து உக்காந்துக்குது."
எதிர்ப்பு என்று அடித்துவிட்டேன்.
அவள் முடிக்கவில்லை.
"உள்ள இருக்கற ஊருக்குத் தண்ணி டேங்கு,
வீட்டுக்கு ஒரு வேலைன்னு போட்டிருக்கீங்க.
எங்களுக்கு நாத்தம் மட்டுமா?
கோட்டைக் கொஞ்சம் இழுத்து வரைங்க."

மேடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பாவாடை துண்டால் முகம் துடைத்தார்.
எதிர்ப்பை அழித்தேன். ஆதரவு என்று அடிக்கக் கை வரவில்லை.
அவள் சொன்னது முழுவதும்
தலைப்பில்லாத கட்டத்துக்குள் போனது.

என் வீடு அந்தப் புள்ளியிலிருந்து நாலு கிலோமீட்டர்.
தட்டச்சு ஹையருக்குப் பணம் கட்டியது அந்தக் கம்பெனிதான்.
காசோலையோடு எடுத்த போட்டோவில்
அசட்டுச் சிரிப்போடு நிற்கிறேன்,
மூக்கைப் பொத்தாமல்.
என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு
எந்த ஊர் என்று மட்டும் சொல்லியிருப்பேன்.

"அந்த நாலாவது கட்டம் பிரிண்ட்ல வராது," என்றார் அதிகாரி,
"எடுத்துடும்மா."
சரி சார் என்றேன்.
எடுப்பதற்கு முன் ஒருமுறை படித்தேன்:
கோட்டைக் கொஞ்சம் இழுத்து வரைங்க.
கோட்டைத்தான் சொன்னாள்.
திரையில் அது
கோட்டை என்றும் இருந்தது.